எரிபொருட் பயிர் எனும் மாயமான்

வயலிலே பெற்றோல் விளையப் போகிறதாம். கமக்காரனின் வறுமையும் அதனோடு தீர்ந்து விடுமாம்! 2022இல் எரிபொருள் வரிசைகளில் நாட்கணக்காய் நின்ற நம் மக்களின் செவிக்கு இப்பேச்சு இனிக்கத்தான் செய்யும். ஆனால், பாக்கு நீரிணைக்கு அப்பால் இதே பேச்சை நம்பியவர்கள் கண்ட பலன் என்ன?

2003இல் இந்தியத் திட்டக் கமிஷனின் குழுவொன்று காட்டாமணக்கைப் பயிரிடும்படி பரிந்துரைத்தது. தரிசு நிலத்தில் நீரின்றி வளரும், அதன் வித்திலிருந்து டீசல் எடுக்கலாம் என்றனர். தமிழ்நாட்டு உழவரும் நட்டனர். செடி நீரின்றி உயிர் பிழைத்தது உண்மையே; நீரும் எருவும் இன்றிப் போதிய காய் தரவில்லை. 2017க்குள் 20 சதவீதக் கலப்பு என்று 2009இல் வகுத்த இலக்கு ஏட்டோடு நின்றது. நட்டவனே பிடுங்கியெறிந்தான், பரிந்துரைத்தவர் எவரும் பிடுங்க வரவில்லை.

அடுத்து வந்தது எதனோல். பெற்றோலில் 20 சதவீதம் எதனோல் கலக்கும் இலக்கை இந்தியா 2030இலிருந்து 2025க்கு முன்னிழுத்து, எட்டியும் விட்டது. அதனை நாம் மறைக்கவில்லை. ஆயின் உழவன் கண்டதென்ன? கரும்போடு அரிசியும் சோளமும் வடிசாலைக்குள் சென்றன. 2023 யூலையில் அரிசி விலைக்கு அஞ்சி வடிசாலைகளுக்கு அரிசி வழங்குவதை அரசு நிறுத்தியது. 2024இல் மீண்டும் அனுமதித்தது. 2025 சனவரியில் குவிண்டால் 2,800 ரூபாவாக இருந்த அவ்வரிசியின் விலையை 2,250 ஆகக் குறைத்தது. இடையில் சோளத்துக்குக் கிராக்கி ஏறவே, நாமக்கல் கோழிப் பண்ணையாளர் தீவனத்துக்குத் தவித்தனர். அவ்விலையை நம்பிச் சோளத்தைப் பெருக்கிய கர்நாடக உழவர், 2025 அறுவடையின்போது ஆதார விலை 2,400 ரூபாவாக இருக்க, சந்தையில் 2,000 ரூபாவும் கிட்டாமல் வீதிக்கு வந்தனர்.

ஆணையினால் பிறந்த சந்தை ஆணையினாலேயே சாகும். நம் நாட்டில் அவ்வாணை எவர் கையில்? 2021இல் இரசாயன உரத்தைத் திடீரெனத் தடைசெய்து, பயிர் கருகிய பின்னர் அதே ஆண்டு நவம்பரில் தடையை நீக்கிய கொழும்பின் கையில் அல்லவா!

கணக்கையும் பார்ப்போம். ஒரு தொன் அரிசியிலிருந்து ஏறத்தாழ 450 லீற்றர் எதனோல் கிடைக்கும். எதனோலின் வலு பெற்றோலில் மூன்றிலிரண்டு பங்கே. ஆகவே அது 300 லீற்றர் பெற்றோலுக்கே ஈடாகும். இதற்காகவா இரணைமடு நீரைப் பாய்ச்சி விளைத்த நெல்லைக் கொடுப்பது? கோழித் தீவனத்துக்கே சோளத்தை இறக்குமதி செய்யும் நாடு, அதனை வடிசாலையில் கொட்டுவதா?

உமியையும் ஆலைக் கழிவையும் எரிபொருளாக்குவதை நாம் எதிர்க்கவில்லை. உணவு விளையும் நிலத்தைக் கேட்டு வருவோர், எத்தனை ஆண்டுக்கு, என்ன விலைக்கு வாங்குவர், வாங்கத் தவறின் என்ன ஈடு தருவர் என்பவற்றை விதைப்புக்கு முன்னரே தமிழில் எழுதித் தரட்டும். கமக்காரன் ஒப்பமிடுமுன், அவ்வொப்பந்தத்தை நம் சட்டத்தரணிகளும் விவசாய உத்தியோகத்தர்களும் கமக்காரர் சங்கங்களில் அமர்ந்து வரிவரியாக வாசித்து விளக்குவார்களாக.