யாருடைய வரிப்பணம்?

மாநில பட்ஜெட்டுகள் தாக்கலாகும் காலம் வந்தாலே ஒரு பல்லவி தவறாமல் ஒலிக்கிறது: 'வரி செலுத்துவோரின் பணத்தை இலவசங்களில் வீணடிக்கிறார்கள்!' 2022 ஜூலையில் பிரதமர் மோடியே 'ரேவ்டி கலாச்சாரம்' என்று ஏளனம் செய்தார். ரேஷன் அரிசியும் முதியோர் ஓய்வூதியமும் மாணவியரின் சைக்கிளும் இப்பல்லவி பாடுவோரின் கண்களை உறுத்துகின்றன.

வரி செலுத்துவோர் யார்? வருமான வரிப் படிவம் நிரப்புவோர் மட்டும்தானா? சோப்பு வாங்கும் விவசாயத் தொழிலாளி, பெருமுதலாளி செலுத்தும் அதே விகிதத்தில் ஜிஎஸ்டி செலுத்துகிறார். சொந்த வாகனம் இல்லாதவரும், லாரியில் வந்திறங்கும் காய்கறியின் விலையில் டீசல் வரியைச் செலுத்துகிறார்.

அந்தப் பணம் எங்கே செல்கிறது? 2021 பட்ஜெட்டுக்குப் பின் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஒன்றிய அரசு வசூலித்தது ரூ.32.90. அதில் மாநிலங்களுடன் பகிரத்தக்க அடிப்படைக் கலால் வரி வெறும் ரூ.1.40! எஞ்சியவை அனைத்தும் செஸ், கூடுதல் தீர்வை என்ற பெயர்களில் வசூலிக்கப்பட்டவை. செஸ்ஸும் சர்சார்ஜும் 2000ஆம் ஆண்டின் 80ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தால் பகிர்வுக்கு வெளியே நிறுத்தப்பட்டவை. 15ஆவது நிதிக்குழு பரிந்துரைத்த 41 சதவீதப் பங்கு, மொத்த வசூலில் கணக்கிட்டால் அதைவிடக் குறைந்துபோவது இதனால்தான்.

இதே அரசு 2019 செப்டம்பரில் கார்ப்பரேட் வரியின் அடிப்படை விகிதத்தை 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைத்தது. அரசே கூறிய கணக்கின்படி ஆண்டுக்கு ரூ.1.45 லட்சம் கோடி வருவாய் இழப்பு. அதற்கு முன்பே, 2015இல், செல்வ வரி ஒழிக்கப்பட்டது. ஆட்சியாளர்களின் அகராதியில் இவை இலவசங்கள் அல்ல, 'ஊக்கம்'!

மருத்துவமனை, பள்ளிக்கூடம், பாசனம் ஆகியவற்றின் பொறுப்பைப் பெருமளவு சுமப்பவை மாநிலங்களே. ஜிஎஸ்டி அவற்றின் வரி அதிகாரத்தைப் பறித்தது. இழப்பீடும் 2022 ஜூனுடன் நின்றது. பெட்ரோல், மதுபானம், பத்திரப்பதிவு போன்ற சிலவே அவற்றின் கையில் எஞ்சியுள்ளன. கடன் வாங்கவும் கடிவாளம். இதனை எதிர்த்துக் கேரளம் தொடுத்த வழக்கை உச்சநீதிமன்றம் 2024 ஏப்ரலில் அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பியது. இப்போதோ, ஊரக வேலை உறுதிச் சட்டத்தை ஒழித்துக் கொண்டுவரப்பட்ட 2025ஆம் ஆண்டுச் சட்டம், பெரும்பாலான மாநிலங்களின் தலையில் 40 சதவீதச் செலவைச் சுமத்துகிறது.

இதனால் மாநில அரசுகள் கேள்விக்கு அப்பாற்பட்டவை ஆகிவிடா. பெருநிறுவனங்களுக்கு நிலமும் சலுகையும் வாரி வழங்கிவிட்டு, அங்கன்வாடி ஊழியரின் ஊதியத்திற்கு மட்டும் நிதியில்லை என்று கைவிரிக்கும் அரசுகள் பதில் சொல்லியாக வேண்டும். கணக்குக் கேட்கும் முதல் உரிமை உழைப்பாளிக்கே உண்டு.

செஸ், சர்சார்ஜ் அனைத்தையும் பகிர்வுத் தொகுப்பில் சேர்க்க வேண்டும்; மாநிலங்களின் பங்கை 50 சதவீதமாக உயர்த்த வேண்டும்; பெரும் செல்வந்தர்கள் மீது மீண்டும் செல்வ வரி விதிக்க வேண்டும். இக்கோரிக்கைகளை மாநாட்டுத் தீர்மானங்களோடு நிறுத்திவிடாமல், ரேஷன் கடை வரிசைக்கும் ஆலை வாயிலுக்கும் கொண்டு செல்வோம். அந்த வரிசையில் நிற்பவர் தானம் கேட்டு நிற்கவில்லை. தான் செலுத்திய வரியின் ஒரு பகுதியையே திரும்பக் கேட்கிறார்.