ஆறு வயரில் ஒரு தொழில்

கிணறு வற்றியது தெரியாமல் ஓடி நீர்ப்பம்பி எரிந்துபோவது வன்னிக் கமக்காரருக்குப் புதிதல்ல. அதைத் தடுக்கும் கருவியைக் கொழும்பிலிருந்து வாங்கி விற்பதை விட, வவுனியா, கிளிநொச்சியில் தொலைபேசி திருத்தும் எமது இளைஞர்களே செய்து விற்கலாம் என்பது என் கருத்து.

இதற்குத் தேவை மைக்ரோகொன்ட்ரோலர் எனும் குட்டிக் கணினிச் சிப். நீர்மட்டத்தைப் பார்த்து ரிலேயை நிறுத்த, எட்டுக் கால் கொண்ட ஏடிடைனி13ஏ போதும். நினைவகம் 1 கிலோபைட்தான். பின்னர் வசதிகள் கூட்ட விரும்பினால் 8 கிலோபைட் கொண்ட ஏடிடைனி85 இருக்கிறது; கால்களின் ஒழுங்கு ஒன்றே. சீனாவின் 32 பிட் சிப்கள் சில இன்னும் மலிவு. ஆனால் அவற்றுக்கு வேறு புரோகிராமர், வேறு மென்பொருள் வேண்டும். விலையை மட்டும் பார்ப்பவர் நேரத்தை இழப்பார்.

புரோகிராமரை வாங்கத் தேவையில்லை. அர்டுயினோ ஊனோ போர்ட் ஒன்றில் 'அர்டுயினோ ஐஎஸ்பி' நிரலை ஏற்றுங்கள். பிறகு ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் 10 மைக்ரோபரட் கப்பாசிட்டர் ஒன்றைப் போட்டு, ஆறு வயரால் சிப்புடன் இணையுங்கள். அவ்வளவுதான். அவ்வேளை கருவி 230 வோல்ட் மின்சாரத்தில் இருக்கவே கூடாது.

பழுதானால் அன்றே சிப்பை மாற்றித் தரும் கடையைத்தான் கமக்காரர் மீண்டும் தேடி வருவார். இலாபம் அந்த நம்பிக்கையில்தான் இருக்கிறது.