வீங்கிய காலும் வைத்தியசாலைக் கணக்கும்



சிசேரியன் முடிந்து 12ஆம் நாள். வீட்டுக்குச் சென்று பார்த்தபோது அந்தத் தாய்க்கு இடக்கால் மட்டும் வீங்கி, கெண்டைப்பகுதி நொந்தபடி இருந்தது. "பச்சை உடம்பு பிள்ளை, 31 கழியும்வரை எழும்பக்கூடாது" என்று அவரது அம்மா எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

உடனே வைத்தியசாலைக்குக் கூட்டிச் சென்றோம். ஸ்கான் பரிசோதனையில் நாளத்தில் இரத்தக்கட்டி தெரிந்தது. ஊசிமருந்தால் தப்பினார். கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்திருந்தால் உயிருக்கே ஆபத்து.

பிள்ளைப்பேற்றின் பின் ஆறு வாரங்கள் இந்த ஆபத்து அதிகம். சத்திரசிகிச்சை, உடற்பருமன், நீண்ட படுக்கை என்பன அதைக் கூட்டும்.

இதில் ஒரு வைத்தியசாலை நன்றாக இயங்குகிறதா என்று எப்படி அளப்பது? கட்டிகளை மட்டும் எண்ணினால், தேடிக் கண்டுபிடிக்கும் வைத்தியசாலை மோசமாகத் தெரியும். தேடாதது நல்ல பெயர் வாங்கும். இங்கிலாந்தில் 2010 இல் வேறு அளவுகோல் வைத்தார்கள். அனுமதிக்கப்படும் வளர்ந்தோரில் 100க்கு 90 பேருக்காவது இந்த ஆபத்து உண்டா என மதிப்பிட்டுப் பதிய வேண்டும் என்பதே அது.

நமது நாட்டில் தாய் மரணங்கள் ஆராயப்படுகின்றன. நல்ல விடயம். ஆனால் தப்பிய தாய் மரணக் கணக்கில் வரமாட்டார். அவருக்கு முன்கூட்டியே ஆபத்து மதிப்பிடப்பட்டதா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

எனவே விடுதியிலிருந்து வீடு திரும்புமுன் கேளுங்கள்: "எனக்கு இரத்தம் கட்டும் ஆபத்து உண்டா? எப்போதிருந்து எழும்பி நடக்கலாம்?" ஒரு கால் வீங்கினாலோ, திடீரென மூச்சு முட்டினாலோ தேய்க்க வேண்டாம், தாமதிக்கவும் வேண்டாம். உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.