ஒத்தை மரத்தை நம்பாதீங்க மக்களே!

வங்கக் கடலில் ஒரு புயல் சின்னம் உருவானால் போதும், ஊரப்பாக்கம் டீக்கடையில் ஆளாளுக்கு ரமணன் ஆகிவிடுவார்கள். "ஒரு மாடல் மகாபலிபுரம்ங்குது, இன்னொண்ணு நெல்லூர்ங்குது" என்று சர்வசாதாரணமாகப் பேச்சு ஓடும். புயல் பாதையை ஒற்றைக் கோடாகக் காட்டினால் யாரும் நம்பத் தயாரில்லை.

அதே ஆட்கள் மொழி என்று வந்துவிட்டால் மட்டும் ஒரே ஒரு மரப் படத்தை வைத்துக்கொண்டு மல்லுக்கு நிற்கிறார்கள். தமிழிலிருந்து பிறந்ததுதான் கன்னடம் என்று 2025 மே மாதம் கமல்ஹாசன் சொல்லப்போய், ஜூன் 5-ல் வந்த 'தக் லைஃப்' கர்நாடகத்தில் மட்டும் வெளியாகவில்லை. யாருக்கு என்ன லாபம்?

விஷ்ணுப்ரியா கோலிபாகம் உள்ளிட்ட ஏழு பேர் 20 திராவிட மொழிகளின் சொற்களைச் சேகரித்து 2018-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். "திராவிட மொழிக்குடும்பத்துக்கு வயது 4500" என்று செய்தி பரவியது. ஆனால் அந்த 4500 நடு மதிப்புதான். 3000 முதல் 6500 வரை எதுவாகவும் இருக்கலாம். வடக்கு, நடு, தெற்கு 1, தெற்கு 2 என்ற நான்கு கிளைகளில் எது எதற்கு நெருக்கம் என்பதிலும் நிச்சயமில்லை என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். அதை யார் படித்தார்கள்?

இந்த மாதிரி கணக்கில் கம்ப்யூட்டர் ஒரு மரத்தைத் தருவதில்லை, ஆயிரக்கணக்கில் தருகிறது. அத்தனையையும் கண்ணாடித் தாள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டத்தான் 'டென்சிட்ரீ' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. மரங்கள் ஒத்துப்போகும் இடத்தில் கோடு அழுத்தமாகத் தெரியும், முரண்படும் இடத்தில் புகை மூட்டம். 2010-ல் இதைப் பற்றி எழுதிய ரெம்கோ பௌகார்ட், மேலே சொன்ன ஏழு பேரில் ஒருவர்! ஒவ்வொரு மரத்தையும் ஒரு புள்ளியாக்கி, ஒரே சாயலில் உள்ளவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் 'ட்ரீஸ்பேஸ்' 2017-லேயே வந்துவிட்டது.

"புகை மூட்டத்தைக் காட்டினா ஜனங்களுக்குப் புரியாது சார்" என்பது சோம்பேறிச் சாக்கு. புயலுக்குப் பல கோடு புரிகிற டீக்கடைக்கு இது புரியாதா?

ஒன்று மட்டும் அந்த மரங்கள் எல்லாவற்றிலும் மாறாது. தமிழும் கன்னடமும் கிளை நுனிகளில்தான் இருக்கும். வேரில் இருப்பது இரண்டுக்கும் பொதுவான மூதாதை. அம்மா மகள் கதை இல்லை, அக்கா தங்கை கதை. சொத்துத் தகராறுக்கு இங்கே இடமில்லை!

பாடப் புத்தகமோ பத்திரிகையோ, இனி மரம் போடுவதானால் மூட்டத்தோடு போடட்டும்.