விக்டோரியா ஹால் மேடைக்குப் பூட்டு வேண்டாம்!

சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில், ரிப்பன் மாளிகையை ஒட்டி நிற்கிறது ஒரு சிவப்புக் கட்டிடம். தினமும் ஆயிரக்கணக்கானோர் அதைத் தாண்டிப் போகிறார்கள். "அது என்ன ஆபீஸ் சார்?" என்று கேட்பவர்களும் உண்டு!

ஆபீஸ் அல்ல. பட்டணத்துக்கே நாடகம் காட்டிய விக்டோரியா பொது மண்டபம் அது!

1883 டிசம்பரில் விஜயநகரம் மகாராஜா அடிக்கல் நாட்டினார். சிஸ்ஹோம் துரை வரைபடம் போட்டார். நம்பெருமாள் செட்டியார் கட்டி முடித்தார். விக்டோரியா ராணியின் பொன்விழாவை ஒட்டி அந்தப் பெயரை வைத்தார்கள். கீழே ஒரு ஹால், மாடியில் ஒரு ஹால். ஒவ்வொன்றிலும் சுமார் 600 பேர் உட்காரலாம்.

வக்கீல்கள் வேஷம் கட்டினர்

கூத்தாடி என்றாலே முகம் சுளித்த காலம். பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் இந்த மேடையில் அரிதாரம் பூசினார்கள். நாடகத்துக்கும் மரியாதை வந்தது! 1897-ல் விவேகானந்தர் இங்கே பேசினார். சலனப்படம் வந்த புதிதில் ஜனங்கள் இங்கேதான் வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

அப்புறம்? சபை மவுண்ட் ரோடுக்குப் போய்விட்டது. 99 வருஷக் குத்தகை முடிந்தது. தகராறு கோர்ட்டு ஏறியது. கட்டிடம் கவனிப்பாரற்றுப் போச்சு.

மற்றவை என்ன ஆயின?

பக்கத்திலிருந்த மூர் மார்க்கெட் 1985-ல் தீயில் கருகியது. அந்த இடத்தில் இப்போது மின்சார ரயில் நிலையம். மதுரையில் 1952-ல் 'பராசக்தி' படத்தோடு திறந்த தங்கம் தியேட்டரை இடித்து ஜவுளிக்கடை கட்டிவிட்டார்கள். ஆனால் அண்ணா சாலையில் 1913-ல் தொடங்கிய எலெக்ட்ரிக் தியேட்டர் மட்டும் தப்பியது. எப்படி? தபால் இலாகா வாங்கி உபயோகித்ததால்!

ஆக, சுண்ணாம்பு மட்டும் ஒரு கட்டிடத்தைக் காப்பாற்றாது. மனுஷ நடமாட்டம்தான் காப்பாற்றும்.

வாடகை யாருக்கு எட்டும்?

மாநகராட்சி 2023-ல் 30 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கிச் சீரமைப்பு வேலையில் இறங்கியது. பாராட்ட வேண்டியதுதான். அந்தப் பணம் மக்கள் வரிப்பணம். எனவே மேடையும் மக்களுடையது.

பழைய படங்களை மாட்டிக் காட்சி வைப்பதை யாரும் குறை சொல்லவில்லை. அதோடு நின்றுவிடக் கூடாது. பெரிய கம்பெனிக்காரர்கள் மட்டுமே எடுக்கும்படி வாடகை ஏறிவிட்டால், சிறு நாடகக் குழு எங்கே போகும்?

திருத்தணி, கே.ஜி.கண்டிகை பக்கத்துக் கூத்துக் கலைஞர் மின்சார ரயிலில் வந்து இறங்கினால், நாலு எட்டில் இந்த மேடை. மத்தளத்தைத் தோளில் போட்டுக்கொண்டே நடந்து வரலாம். அவர் கொடுக்கக்கூடிய வாடகை என்ன என்று கேட்டுக் கட்டணம் வையுங்கள். மாதத்தில் சில நாட்களாவது நாடகத்துக்கும் கூத்துக்கும் ஒதுக்குங்கள்.

மண்டபம் பளபளத்தால் மட்டும் போதாது. சாயங்காலம் உள்ளே மணி அடிக்க வேண்டும். திரை மேலே போக வேண்டும்!