முதல் துண்டு நிலமும் அதைக் காக்கும் சட்டமும்

இங்கிலாந்தில் நிலமற்ற ஒருவர் உள்ளாட்சி மன்றத்திடம் சிறு வாடகைக்குத் தோட்டத் துண்டு கேட்கலாம். வழமையான முழுத் துண்டு ஏறத்தாழ 250 சதுர மீட்டர்; நம் கணக்கில் ஆறு சென்ட். முதன்முறை பெறுவோர் பலருக்குப் புதர் மண்டிய அரைத் துண்டே வாய்க்கிறது. அதைத் திருத்துவதிலேயே முதற்பருவம் கழிகிறது.

இதனைப் பொழுதுபோக்கு என நாம் ஒதுக்கிவிட முடியாது. பொதுநிலங்கள் வேலியிடப்பட்டு உழைப்போர் வெளியேற்றப்பட்ட வரலாற்றிலிருந்து எழுந்த உரிமை இது. 1908ஆம் ஆண்டுச் சட்டப்படி, வாக்காளர் அறுவர் கூடி மனு அளித்தால் மன்றம் அதைப் பரிசீலித்தாக வேண்டும். இதற்கென வாங்கிய நிலத்தை அமைச்சரின் ஒப்புதலின்றி மன்றம் விற்பதை 1925ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

அதே பேரரசுதான், செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் சென்னை மாகாணத்தில் பஞ்சமி நிலத்துக்கு ஆணையிட்டது. பத்தாண்டுகளுக்கு விற்கலாகாது, அதன் பின்னரும் ஒடுக்கப்பட்டோருக்கன்றிப் பிறருக்கு விற்கலாகாது என்பது நிபந்தனை. ஆயினும் நிலம் கைமாறியது. மீட்கக் கோரிய போராட்டத்தில், 1994இல் செங்கல்பட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியாயினர்.

வேறுபாடு எங்கே? அங்கே சட்டம் நிலத்தை வைத்திருக்கும் மன்றத்தின் கையைக் கட்டுகிறது. இங்கே கடனிலும் அச்சத்திலும் வாழ்ந்த ஏழையின் கையைக் கட்டிவிட்டு, வாங்கியவனையும் பதிவுசெய்த அலுவலரையும் விட்டுவிட்டது.

ஆகவே நாம் கேட்பது பட்டா மட்டுமன்று. அளந்து காட்டிய எல்லை வேண்டும். முதற்பருவத்துக்கு நீரும் விதையும் வேண்டும். நிபந்தனை மீறிய பத்திரத்தைப் பதிவுசெய்தவர் பதில் சொல்ல வேண்டும். இவையின்றி வழங்கப்படும் நிலம் காகிதத்திலேயே விளையும்.