பாடிப் போகிறவனுக்கு ஒரு காகிதம்

கபடிப் பையன்களைக் கல்லூரிக்காரர்கள் வந்து பொறுக்கி எடுத்துப் போவதை நம் பக்கத்தில் எல்லோரும் பெருமையாகப் பேசுகிறோம். எனக்கு அதில் பாதிப் பெருமைதான். மீதிப் பாதி எரிச்சல்.

கோடையில் கம்பம் பள்ளத்தாக்கில் ஏதாவது ஓர் ஊரில் மின்னொளிக் கபடி நடக்கும். கூட்டத்தின் ஓரத்தில் டிராக் பேண்ட் போட்ட இரண்டு பேர் நிற்பார்கள். விசில் அடிக்க மாட்டார்கள். பாடிப் போகிற பையன் 30 விநாடிக்குள் என்ன செய்கிறான், பிடி விழுந்தபின் எப்படித் துள்ளி நடுக்கோட்டைத் தொடுகிறான், எடை எவ்வளவு இருப்பான் என்று பார்ப்பார்கள். ஆட்டம் முடிந்ததும் தோளில் கை விழும். "தம்பி, பிளஸ் டூ தானே? எங்க காலேஜுக்கு வந்துரு. ஃபீஸ் கிடையாது, ஹாஸ்டல் ஃப்ரீ."

கோம்பை நாய்க்குட்டி வாங்க வெளியூரிலிருந்து வருகிறவர்களும் இப்படித்தான் தாடையைத் தடவி, காலைத் தூக்கிப் பார்ப்பார்கள். அவர்களாவது முன்பணம் கொடுத்துவிட்டுப் போவார்கள். திராட்சைத் தோட்டத்துக்கு வருகிற வியாபாரியும் அச்சாரம் கொடுத்த பிறகுதான் பேசுகிறான். பையனுக்கு மட்டும் வாய்ச்சொல்.

சென்ற ஆண்டு எங்கள் தெருவில் ஒரு தாய் என்னிடம் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்தார். பழைய கிளார்க் என்பதால் எந்தக் காகிதம் வந்தாலும் என் திண்ணைக்கு வரும். "அய்யா, இதுல என்ன எழுதியிருக்கு?" என்றார். மகன் நல்ல ரெய்டர். ஒரு தனியார் கல்லூரி அழைத்துப் போயிருந்தது. இரண்டாம் ஆண்டில் முட்டி ஜவ்வு கிழிந்தது. ஆட்டம் நின்றது, அடுத்த பருவத்துக்கு ஃபீஸ் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. சேரும்போது என்ன எழுதிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். "ஒண்ணுமில்லைய்யா, வாயாலதான் சொன்னாங்க." அசல் மதிப்பெண் பட்டியலும் அவர்களிடமே இருந்தது.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில் எங்கள் ஆசிரியர் ஒரு பழமொழியை ஓயாமல் சொல்வார்: பேச்சு பறந்துவிடும், எழுத்து தங்கும். பிறகு அரசு அலுவலகத்தில் கோப்பு கட்டியே காலம் போனது. அதிகாரி வாயால் சொன்ன உத்தரவை, குறிப்பெழுதிக் கையெழுத்து வாங்காமல் நாங்கள் நிறைவேற்றியதில்லை. ஒரு மின்விசிறி வாங்குவதற்கே அத்தனை தாள். ஒரு பையனின் மூன்று வருடத்துக்கு ஒரு தாள் கிடையாதா?

அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிற ஆட்டம். அதில் 'ரன்னிங் பேக்' என்றொருவன், எதிரணியின் மனிதச் சுவரைப் பிளந்துகொண்டு ஓடுவான். நம் பாடிப் போகிறவனுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். பள்ளியில் படிக்கும்போதே அவன் 40 கஜம் ஓடும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, கல்லூரிப் பயிற்சியாளர்கள் வீட்டுக்கே வந்து பெற்றோரிடம் பேசுவார்கள். அவர்களும் யோக்கியர்கள் அல்ல. 1973-இல் உதவித்தொகையை ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கிற ஒன்றாக மாற்றிக்கொண்டார்கள். முட்டி போனவனை அடுத்த ஆண்டு கழற்றிவிட வசதி. 2012-இல் பல ஆண்டுகளுக்குச் சேர்த்து எழுதிக்கொடுக்க அனுமதி வந்தது. 2015 ஜனவரியில் ஐந்து பெரிய கூட்டமைப்புகளின் கல்லூரிகள், ஆட்டத்தைக் காரணம் காட்டி உதவித்தொகையை நிறுத்தக் கூடாது என்று வாக்களித்தன. 42 வருடம் ஆனது. ஆனாலும் விதி எழுத்தில் இருந்ததால்தான் அதை எதிர்த்துக் கேட்கவும் மாற்றவும் முடிந்தது. நம் பையனிடம் எதிர்த்துக் கேட்க என்ன இருக்கிறது?

"இப்படியெல்லாம் காகிதம் கேட்டால் கோம்பைப் பக்கமே வரமாட்டார்கள்" என்று ஒரு பி.டி. மாஸ்டர் என்னைக் கடிந்துகொண்டார். வருவார்கள். கோப்பையும் வாசல் பேனரும் அவர்களுக்கு வேண்டும். பாடிப் போகிறவன் இல்லாமல் அது வராது. "கபடியால் உயர்ந்தவர்கள் இல்லையா?" என்றும் கேட்கிறார்கள். இருக்கிறார்கள். மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடினார், அர்ஜுனா விருதும் பெற்றார். அவரைச் சொல்லிச் சொல்லியே நூறு பையன்களை அனுப்புகிறோம். முட்டி போன பையனைப் பற்றி யாரும் படம் எடுப்பதில்லை. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, சரி. பாதியில் படிப்பை விட்டவன் பட்டம் கேட்கிற வேலைக்கு எப்படி விண்ணப்பிப்பான்?

பேரன்களை அனுப்பும் முன் கல்லூரியின் லெட்டர்பேடில், முதல்வர் கையெழுத்தோடு வாங்குங்கள். எந்தெந்தக் கட்டணம் தள்ளுபடி, தேர்வுக் கட்டணமும் மெஸ் பில்லும் அதில் சேருமா, ஆடும்போது அடிபட்டால் வைத்தியச் செலவு யாருடையது என்று இருக்க வேண்டும். ஆட முடியாமல் போனாலும் படிப்பு முடியும்வரை இடமும் சலுகையும் உண்டு என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண். அசல் சான்றிதழ்களைக் காட்டிவிட்டுக் கையோடு திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். கல்லூரிகள் அசலை வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2018 அக்டோபரிலேயே பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்துவிட்டது.

போட்டி நடத்தும் விழாக் கமிட்டியார் ஸ்கோர் மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு மேசை போட்டால் போதும். தோளில் கை போடுகிறவர் முதலில் அங்கே வந்து எழுதட்டும். எழுத ஆள் இல்லை என்றால் நான் வருகிறேன். பேனா என்னுடையது, காபி உங்களுடையது.